சொந்த ஊரில் எழுத்துரு மாநாடா? போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

எழுத்துரு, வடிவமைப்பு மாநாடுகள் ஊர் ஊராகச் சுற்றுபவை. இந்தியாவில் நடக்கும் 'டைப்போகிராஃபி டே' 2014இல் புனேயிலும் 2016இல் பெங்களூரிலும் கூடி, 2017இல் கொழும்புக்குப் பக்கத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1957இல் தொடங்கிய பன்னாட்டு எழுத்துருவியல் சங்கம் 2018இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலும் அடுத்த ஆண்டு டோக்கியோவிலும் கூடியது. இப்படிச் சுற்றி வருகிற கூட்டம் ஒரு நாள் நம் ஊருக்கும் வரும். கல்லூரி அளவில் சின்னதாக நடப்பதும் உண்டு. டிடிபி வேலை செய்பவர், பத்திரிகைக்கு லே-அவுட் போடுபவர், ஓவிய ஆசிரியர், வீட்டிலிருந்தே அழைப்பிதழ் வடிவமைப்பவர், காட்சித் தொடர்பியல் படிக்கும் பிள்ளைகள் என்று யார் போனாலும் உதவும் குறிப்புகள் இவை. எனக்குத் தெரிந்த ஊர் சென்னை என்பதால் இடங்களை இங்கிருந்தே சொல்கிறேன். மதுரை, கோவை, யாழ்ப்பாணத்துக்காரர்கள் தங்கள் தெருக்களைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

1. முதல் வேலையாக, மாநாட்டு நாட்கள் முழுவதும் 'நான் ஊரில் இல்லை' என்று வீட்டிலும் உறவிலும் சொல்லிவிடுங்கள். வெளியூர் மாநாடு என்றால் ரயில் ஏறியதும் வீடு நம்மை விட்டுவிடும். உள்ளூர் என்றால் விடாது. சிலிண்டர் வரும், பள்ளியில் பெற்றோர் கூட்டம் வைப்பார்கள், தூரத்து உறவில் ஒரு வளைகாப்பு வந்து நிற்கும். "இங்கேதானே இருக்கே, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்பார்கள். அலுவலகத்துக்கும் அரை நாள் அனுமதி போதாது. முழு விடுப்பு எடுங்கள். காலையில் பாதி அமர்வு, மதியம் அலுவலகம் என்று ஓடினால் இரண்டிலும் மனம் ஒட்டாது.

2. மூன்று நாள் மாநாட்டுக்கு ஒரே மாவு போதும். முந்தின நாள் இரவு அரைத்து வைத்தால் முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் போட்டு ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் செய்து வைத்துவிட்டால், மதியச் சோற்றை வீட்டில் இருப்பவர்களே வடித்துக்கொள்வார்கள். ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.

3. மாலை வேளையை விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த மாநாடுகளின் நல்ல பாதி ஐந்து மணிக்கு மேல்தான் தொடங்குகிறது. மேடையில் அளந்து பேசியவர், வெளியே டீ குடிக்கும்போது பையிலிருந்து தன் வரைபடங்களை எடுத்துக் காட்டுவார். 'குழந்தைகள் தேடும்' என்று நான்கரைக்கே கிளம்பிவிட்டால் கட்டணத்தில் பாதி போச்சு. வீடு தாம்பரத்துக்கு அப்பால், அரங்கம் எழும்பூர்ப் பக்கம் என்றால், அக்கா வீடோ தோழி வீடோ அருகில் இருந்தால் ஓர் இரவாவது அங்கே தங்கிவிடுங்கள். தங்க முடியாதவர்கள் கடைசி மின்சார ரயில், கடைசி மெட்ரோ நேரத்தை முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. முன்பதிவுச் சலுகை முடியும் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். மாணவர் கட்டணத்துக்குக் கல்லூரி அடையாள அட்டை கேட்பார்கள். கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் அமைப்பாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, தன்னார்வலராக வரலாமா என்று கேளுங்கள். வெளியூர் விருந்தினரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வர, அச்சகத்துக்கு ஓடிப்போய்ப் பலகை அடித்து வர, ஆட்டோக்காரரிடம் பேச, உள்ளூர் ஆள் இல்லாமல் எந்த மாநாடும் நடக்காது. பட்டறைகளுக்கு இடம் குறைவு. அதற்குத் தனிப் பதிவு இருந்தால் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

5. நிகழ்ச்சி நிரலை முந்தின இரவே படித்து, உங்களுக்குத் தெரியாத எழுத்து பற்றிய ஓர் அமர்வையாவது குறித்து வையுங்கள். தமிழ் பற்றிய உரைக்கு எப்படியும் போய்விடுவீர்கள். கெமர், தாய், பர்மிய எழுத்துகளைப் பற்றிய உரை இருந்தால் தவறவிடாதீர்கள். அவற்றில் கெமர், தாய் எழுத்துகளுக்கு மூலம் நம் பக்கத்துப் பல்லவ எழுத்துதான். காஞ்சிபுரத்தை ஆண்டவர்களின் எழுத்து கடல் கடந்து போய்க் கம்போடியாவில் என்ன உருவம் எடுத்தது என்று அந்த ஊர்க்காரரே திரையில் காட்டுவதைப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி வராது.

6. இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போனால் உரைகள் எளிதாகப் புரியும். ஆங்கில எழுத்து பெரும்பாலும் நடுப்பட்டையில் உட்கார்ந்து, சில இடங்களில் மட்டும் மேலேயும் கீழேயும் நீளும். தமிழில் 'கி', 'கீ' என்றால் கொக்கி மேலே ஏறும். 'ழு', 'ணூ' என்றால் கீழே இறங்கும். மெய்யெழுத்துக்குத் தலைக்கு மேல் புள்ளி வேண்டும். ஆகவே ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல் வரியின் 'ழு' கீழ் வரியின் 'கீ'யோடு முட்டும். தமிழ்ப் பாடநூலோ சுவரொட்டியோ நெரிசலாகத் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். இரண்டாவது, நம் 247 எழுத்துகளுக்கும் கணினியில் தனித்தனி இடம் கிடையாது. 1991இல் வந்த ஒருங்குறியில் 'கொ' என்பது 'க'வும் ஒகரக் குறியும் சேர்ந்த சேர்க்கை. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் வேலை. அந்த வேலையைச் சரியாகச் செய்யாத மென்பொருளில்தான் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் சிதறிக் கிடக்கும்.

7. பையில் வைக்க: ஒரு சால்வை (அரங்கத்து ஏசி எலும்பு வரை குளிரும்), கோடு போடாத நோட்டு, மென்மையான பென்சில், ஆறு அங்குல ஸ்கேல், சின்ன பூதக்கண்ணாடி, டிரேசிங் பேப்பர் நாலைந்து தாள், தண்ணீர் பாட்டில், பவர் பேங்க். கூடவே ஒரு மஞ்சள் பை. விருந்தினர் யாராவது அந்தப் பையைப் பார்த்து ஆசைப்படுவார்கள். இரண்டாக எடுத்துப் போங்கள்.

8. விசிட்டிங் கார்டில் உங்கள் பெயர் தமிழிலும் இருக்கட்டும். இப்படிப்பட்ட கூட்டத்தில் பேச்சைத் தொடங்கிவைக்க அதைவிட நல்ல வழி இல்லை.

9. வீட்டுப் பரணைக் கிளறுங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன். வெளியூர்க்காரர் கொண்டுவர முடியாத ஒன்றை உள்ளூர்க்காரர் கொண்டுவர முடியும்: வீட்டில் கிடக்கும் பழைய அச்சுத் தாள்கள். தாத்தா காலத்துக் கல்யாணப் பத்திரிகை, பாம்புப் பஞ்சாங்கம், தினசரிக் காலண்டரின் பழைய அட்டை, சிவகாசித் தீப்பெட்டிப் படங்கள், நாடக நோட்டீஸ், ஜவுளிக்கடை ரசீது, பழைய ரேஷன் கார்டு. வடிவமைப்பாளர்களுக்கு இவை பொன். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சானவை என்றால் இன்னும் சிறப்பு. துதிக்கை வைத்த பழைய 'லை', 'னை', 'ணை', சுழித்து எழுதிய 'ணா', 'றா', 'னா' எல்லாம் அவற்றில் இருக்கும். பெரியார் 1935இலேயே 'குடி அரசு' இதழில் புதிய வடிவங்களைக் கொண்டுவந்துவிட்டதால், ஒரே காலத்தில் இரண்டு விதமாகவும் அச்சான தாள்கள் ஒரே வீட்டில் கிடைப்பதும் உண்டு. அவற்றை அருகருகே வைத்துக் காட்டினால் நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

அசலை எடுத்துப் போகாதீர்கள். நல்ல ஸ்கேனோ கலர் ஜெராக்ஸோ போதும். அசலையே காட்ட வேண்டும் என்றால் ஒவ்வொரு தாளையும் தனித்தனி உறையில் வைத்து, பின்னால் கெட்டி அட்டை கொடுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்ட வேண்டாம். சில வருடத்தில் அந்த இடம் பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் கூடவே கூடாது. ஒருமுறை செய்தால் பிரிக்க வழியில்லை. செய்தித்தாளில் சுற்றி வைத்தால் அதன் அமிலம் உள்ளே இருக்கும் தாளுக்கும் ஏறும். வெள்ளைப் பருத்தித் துணி நல்லது.

10. வெளிநாட்டு விருந்தினர் கேட்டார் என்று பழைய ஓலைச்சுவடியையோ கையெழுத்துப் பிரதியையோ தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள சுவடிகளையும் ஆவணங்களையும் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. மற்றத் தொல்பொருள்களுக்கு 100 ஆண்டு. அன்பாகக் கொடுத்தது விமான நிலையத்தில் அவருக்கு வம்பாகும். படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

11. வீட்டில் அச்சகத்தில் வேலை பார்த்த பெரியவர் இருந்தால் ஒரு நாளாவது அழைத்துப் போங்கள். அச்சுக்கோர்த்த கைகளுக்குத் தெரிந்ததைப் பேராசிரியர்களும் கேட்க ஏங்குகிறார்கள். எந்த எழுத்து கேஸில் எந்த அறையில் இருந்தது, அதிகம் தேவைப்படும் எழுத்து ஏன் கைக்கு அருகில் இருந்தது, 'க' தீர்ந்துபோனால் என்ன செய்வார்கள், தலைகீழாக எப்படி வாசித்தார்கள் என்று கேட்டு, அவர் பேசும்போது போனில் பதிவு செய்யுங்கள். "ஐயா, கொஞ்சம் கோர்த்துக் காட்டுறீங்களா?" என்று ஒரு மாணவர் கேட்டால் அவர் முகத்தைப் பாருங்கள். உட்கார நல்ல நாற்காலி, கழிவறை அருகில் ஓர் இடம், மதிய மாத்திரை ஆகிய மூன்றையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

12. பழைய ஈய எழுத்துகள் வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாமல் முதலில் மாநாட்டுக்காரர்களிடம் காட்டுங்கள். ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்தவை அவை. தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. சின்னக் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

13. விருந்தினருக்கு ஊரைக் காட்ட நீங்களே முன்வாருங்கள். ஆன்ட்வெர்ப்பில் பழைய பிளான்டின்-மொரேட்டஸ் அச்சகமே 1877 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்கே போகிறவர்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. நம் ஊரில் செல்வம் சிதறிக் கிடக்கிறது, சேர்த்துக் காட்ட ஊர்க்காரர் வேண்டும். சென்னைக்கு நான் சொல்லும் வரிசை இது:

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் கல்வெட்டுகளும் செப்பேடுகளும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு; காகிதமும் கல்யாணப் பத்திரிகையும் விற்கும் கடைகள் தோளோடு தோள் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் பூட்டைத்தான் பார்க்கலாம். வேப்பேரி வழியாக ஆட்டோ போனால் ஒரு கதை சொல்லுங்கள்: 1761இல் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தபோது கிடைத்த அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்து, ஃபெப்ரீஷியஸ் பாதிரியார் கைக்குப் போய், அதில் தமிழ் நூல்கள் அச்சாயின. அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வந்தது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் துண்டு நோட்டீஸ்களும் அதன் அடித்தளம். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, என்ன பார்க்க விரும்புகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம். அதை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் எழுத்தையே ஓவியமாக்கி 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை வரைந்தவர்.

ஒரு முழு நாள் கிடைத்தால், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் சாளுவன்குப்பத்தில் இறங்குங்கள். எல்லோரும் புலிக்குகையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அருகிலேயே அதிரணசண்டக் குடைவரை இருக்கிறது. அதன் ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்தத்திலும், மற்றொரு பக்கச் சுவரில் நாகரியிலும் வடமொழிச் செய்யுள்களை வெட்டியிருக்கிறார்கள். ஒரே செய்தியை இரண்டு எழுத்தில் அருகருகே அமைக்கும் சிக்கலைத்தான் இன்றைக்கு இருமொழிப் பலகை செய்பவர்கள் மாநாட்டில் பேசுகிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய விடை கல்லில் இருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்து தெளிவாகத் தெரியும். சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்த்துப் படம் எடுக்க விடாதீர்கள்.

14. இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் ஒரு ரயில் நிலையம் போதும். மஞ்சள் பலகையில் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மூன்றும் ஒரே உயரத்தில் இருந்தும் எது பெரிதாகத் தெரிகிறது, நீளமான தமிழ்ப் பெயரை எப்படி நெருக்கியிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் பேச விஷயம் இருக்கும்.

15. தெரு நடைக்குக் காலை ஆறரை முதல் ஒன்பது வரை நல்ல நேரம். கடை திறக்கும் முன் ஷட்டரில் எழுதியிருப்பது கிடைக்கும், திறந்த பின் பலகை கிடைக்கும். படம் எடுக்கும் முன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்நியர் கேமராவோடு நின்றால் யாருக்கும் சங்கடம்தான். "அண்ணே, இந்த போர்டு யார் எழுதினது?" என்று கேட்டால் பெரும்பாலும் பெயரும் ஊரும் கிடைக்கும். பலகையின் ஓரத்தில் எழுதியவரே கையெழுத்துப் போட்டிருப்பார். ஃபிளெக்ஸ் வந்தபின் இந்தக் கலைஞர்களில் பலர் தூரிகையை வைத்துவிட்டார்கள். இன்னும் எழுதுபவரைக் கண்டால் விருந்தினரோடு வேடிக்கை பார்த்துவிட்டு வராமல் ஒரு வேலை கொடுங்கள். வீட்டுப் பெயர்ப்பலகையையோ, ஒரு தகரத் துண்டில் விருந்தினரின் பெயரைத் தமிழிலோ எழுதச் சொல்லலாம். கூலியை முதலிலேயே பேசி முழுசாகக் கொடுங்கள், பேரம் வேண்டாம். எனாமல் பெயின்ட் நன்றாகக் காய ஓர் இரவாவது ஆகும். ஆகவே முதல் நாளே சொல்லிவைத்தால்தான் கடைசி நாள் கையில் கிடைக்கும்.

16. வீட்டுக்கு அழைப்பதாக இருந்தால் காலை நேரத்தில் அழையுங்கள், வாசலில் கோலம் போடும் வேளையில். புள்ளி வைத்து இழுக்கும் சிக்குக் கோலம், கட்டம் வைத்து எழுத்து வரைகிறவர்களுக்கு உடனே பிடிபடும். 5 புள்ளி 5 வரிசையில் ஒன்றை நீங்கள் போட்டுக் காட்டி, பக்கத்தில் அவர்களையும் போட விடுங்கள். விரல் இடுக்கில் மாவு சீராக விழப் பழக வேண்டும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் கோலமாவு வையுங்கள். பிறகு சாப்பாடு. எதில் நெய், எதில் வேர்க்கடலை, எதில் காரம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். பலகாரத்தின் பெயரைச் சின்ன அட்டையில் தமிழில் எழுதி அருகில் வைத்தால் அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

17. கேள்வி நேரத்தில் ஒரே கேள்வி, ஒரு நிமிடத்துக்குள். ஆங்கிலம் சரளமாக வராது என்று வாயை மூடிக்கொள்ள வேண்டாம். தமிழில் கேளுங்கள், அருகிலிருப்பவர் மொழிபெயர்ப்பார். நம் ஊரில் நடக்கும் கூட்டத்தில் நம் மொழியில் கேள்வி எழுவது அவைக்கு மரியாதைதான். எல்லா ஸ்லைடையும் படம் எடுத்தால் பிறகு எதையும் திரும்பிப் பார்க்க மாட்டோம். வடிவத்தைக் கையால் வரைந்துகொள்ளுங்கள். வரையும்போதுதான் வளைவு புரியும். இன்னும் வெளியாகாத எழுத்துருவைக் காட்டினால் கேட்காமல் படம் எடுக்கவும் கூடாது, பகிரவும் கூடாது.

18. எழுத்துரு விற்பவர் மேசையில் நின்றால் அழகைப் பார்த்து மயங்கும் முன் இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள். 'ரா' என்று தட்டுங்கள்: ரகரமும் காலும் வேறுபட்டுத் தெரிகிறதா? 'ஔ' என்பதும் 'ஒ'வை அடுத்து 'ள' எழுதியதும் வேறாகத் தெரிகிறதா? 'எ–ஏ', 'ஒ–ஓ' சின்ன அளவில் குழம்பாமல் இருக்கிறதா? வீரமாமுனிவர் காலத்தில் பிரித்துக் கொடுத்த வேறுபாடு, மோசமான எழுத்துருவில் எட்டுப் புள்ளி அளவில் காணாமல் போய்விடும். 'கொ, கோ, கௌ', 'ஸ்ரீ', 'க்ஷ', 'ழூ', 'ஞ்ஞூ', தமிழ் எண்கள், ரூபாய்க் குறி '₹' எல்லாம் வருகிறதா? 2010இல் ஏற்கப்பட்ட அந்த ரூபாய்க் குறியை வரைந்த உதயகுமார், தமிழ் எழுத்துருவியலை ஆராய்ந்தவர். கடைசியாக, தடித்த எழுத்தில் 'ண', 'ஜ', 'ஐ' ஆகியவற்றின் உள்வெளி அடைபடாமல் இருக்கிறதா?

19. 'இலவசம்' என்று கேட்டதும் இறக்கிக்கொள்ளாதீர்கள். சில எழுத்துருக்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம். ஊறுகாய் பாட்டில் லேபிளில் போட்டு விற்றால் அது வணிகம். 'ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்' என்று இருந்தால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். அந்த எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. பிரியா ரவிச்சந்திரனின் 'கட்டமரான்', இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த 'பவனம்', ஏக் டைப் குழுவின் 'முக்தா மலர்' போன்றவை இந்த உரிமத்தில் கிடைப்பவை. வீட்டுத் தொழில் செய்யும் பெண்கள் இவற்றை வைத்தே தொடங்கலாம். விலைக்கு விற்பவரிடம் சிறு தொழிலுக்கு என்ன விலை என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு தமிழ் எழுத்துருவுக்குப் பின்னால் பல மாத உழைப்பு இருக்கிறது, கொடுக்கிற காசு நியாயமானதே.

20. அச்சுப் பட்டறைக்குப் பழைய பருத்தி உடை போட்டுப் போங்கள். லெட்டர் பிரஸ், ஆஃப்செட் மை எண்ணெய் சார்ந்தது. தண்ணீர் ஊற்றினால் பரவும். கையில் பட்டால் முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்து, அதன் பிறகு சோப்பு. கறுப்பு இந்தியன் இங்க் துணியில் பட்டால் காயும் முன் பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள். காய்ந்தபின் எதுவும் பலிக்காது.

21. குழந்தைகளுக்குப் பத்து வயதுக்கு மேல் என்றால் ஒரு மாலைக் கண்காட்சிக்கு அழைத்துப் போகலாம். போகும் வழியில் பேருந்து ஜன்னலிலிருந்து 'ழ' தேடும் விளையாட்டு வையுங்கள். எத்தனை பலகையில் இருந்தது, எது அழகு, எது படிக்க முடியவில்லை? அரங்கத்துக்குள் நுழையும்போது அவர்கள் கண் தயாராக இருக்கும்.

22. கிடைத்த போஸ்டர்களை மடிக்காமல், கெட்டி அட்டைக் குழாயில் சுருட்டுங்கள். பேனர் கடையில் கேட்டால் காலிக் குழாய் தருவார்கள். வீட்டில் எதிர்ப்பக்கமாக ஒருமுறை தளர்வாகச் சுருட்டி, பிறகு இரண்டு வெள்ளைத் தாளுக்கு இடையே மெத்தைக்கு அடியில் சில நாள் வைத்தால் தட்டையாகிவிடும். வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம், மை வெளிறும்.

23. கேட்டதை ஒரு வாரத்துக்குள் வீட்டில் செய்து பாருங்கள். மருந்து டப்பாவிலிருந்து தொடங்கலாம். பெரியவர்களின் மாத்திரைகளுக்கு வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில், 14 புள்ளிக்குக் குறையாமல், 'காலை – சாப்பிட்ட பின்' என்று வரிக்கு ஒரே செய்தியாக அடித்து ஒட்டுங்கள். எல்லாவற்றையும் தடித்த எழுத்தில் போட்டால் எதுவும் எடுப்பாகத் தெரியாது. வேளையை மட்டும் தடித்துப் போடுங்கள். மளிகை டப்பாக்களில் உளுத்தம்பருப்பு, பாசிப்பருப்பு என்று எழுதும்போது முதல் பாதியைப் பெரிதாக்குங்கள், 'பருப்பு' சிறிதாக இருந்தால் போதும்.

24. அடுத்து வீட்டில் வரும் கல்யாணப் பத்திரிகையை நீங்களே பொறுப்பெடுங்கள். வாசகத்தை ஒருங்குறியில் தட்டி அச்சகத்துக்குக் கொடுங்கள். அங்கே பல இடங்களில் இன்னும் பழைய குறியாக்க ஃபாண்டுக்கு மாற்றித்தான் வேலை செய்கிறார்கள். மாற்றும்போது ஒகர, ஓகார எழுத்துகளும் 'ஸ்ரீ'யும் ஔகாரமும்தான் முதலில் உடையும். புரூஃபில் அவற்றை விரல் வைத்துப் பாருங்கள். தேதியையும் கிழமையையும் காலண்டரோடு ஒப்பிடுங்கள். வீட்டுக்கு வெளியே ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டாரின் கண் பெயர்ப் பிழையைத் தாண்டிப் போய்விடும். அரக்கு நிறத் தாளில் தங்க எழுத்து கேட்டால் உண்மை அளவில் ஒரு பிரதி எடுத்து, பாட்டியிடம் டியூப் லைட் வெளிச்சத்தில் காட்டுங்கள். அவரால் முகூர்த்த நேரத்தை வாசிக்க முடிந்தால் அச்சுக்கு விடலாம். இறுதிக் கோப்பைக் கர்வ் பண்ணி (எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றி), பிடிஎஃப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். போனில் அனுப்பும்போது எழுத்து உடையாது.

25. விருந்தினர் கேட்டுப் போன பொருள்களை, அதாவது காலண்டர் அட்டை, தீப்பெட்டிப் படத்தின் ஸ்கேன், காய்ந்த பெயர்ப்பலகை ஆகியவற்றை, அந்த மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். பலகையை முதலில் பட்டர் பேப்பரில் சுற்றி, அதன் மேல் குமிழ் உறை சுற்றுங்கள். குமிழ் நேரடியாகப் பட்டால் எனாமலில் வட்ட வட்டமாகத் தடம் விழும். வெளிநாட்டு அஞ்சலுக்குச் சுங்கப் படிவத்தில் 'கையால் எழுதிய பெயர்ப்பலகை, அன்பளிப்பு' என்று எழுதி மதிப்பையும் குறியுங்கள். பலகை எழுதியவரின் பெயரையும் ஊரையும், அவர் சம்மதித்தால், ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.